பி.இ.டி. பீரியடைப் பிடுங்காதீர்கள், ப்ளீஸ்

வணக்கம் மக்களே! பின்னாடி சத்தம் கேட்கும், பசங்க வாலிபால் ஆடுகிறார்கள், மைதானத்தில் நின்றுதான் பேசுகிறேன். இன்றைக்கு விஷயம் பிளஸ் டூ பிள்ளைகளின் மனசும் விளையாட்டும்.

டைம்டேபிளில் பி.இ.டி., அதாவது விளையாட்டு வகுப்பு என்று போட்டிருக்கும், ஆனால் இந்த வாரம் கணக்கு சார் வாங்கிக்கொள்வார், அடுத்த வாரம் கெமிஸ்ட்ரி மிஸ், அப்புறம் டியூஷன், நீட் கோச்சிங், வீட்டுக்கு வந்தால் மறுபடியும் நாற்காலி. "எதைக் கேட்டாலும் எரிந்து விழுகிறான், ராத்திரி தூக்கமே இல்லை" என்று சொல்கிற அம்மா அப்பாக்களிடம் நான் முதலில் கேட்பது, அவன் ஒரு நாளில் எவ்வளவு நேரம் உட்கார்ந்தே கிடக்கிறான் என்பதைத்தான்.

இங்கிலாந்தில் 4,000-க்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்கு 12, 14, 16 வயதுகளில் அசைவைப் பதிவு செய்யும் கருவியை மாட்டிவிட்டு, 18 வயதில் மனச்சோர்வு அறிகுறிகள் எப்படி இருக்கின்றன என்று பார்த்தார்கள், 2020-ல் வெளிவந்த ஆய்வு. 12 வயதில் தினமும் ஒரு மணி நேரம் கூடுதலாக நடமாடியவர்களுக்கு மனச்சோர்வு மதிப்பெண் சுமார் 10 சதவீதம் குறைவு. இதனால்தான் அது என்று அடித்துச் சொல்ல ஒரு ஆய்வு போதாது, சரி. ஆனால் அவர்கள் சொன்ன நடமாட்டம் ஜிம் கிடையாது, லேசான நடமாட்டம்! கடைக்கு நடந்து போவது, வீட்டைக் கூட்டுவது, அந்த அளவுதான். நான் ஜிம்முக்குப் பணம் கட்டச் சொல்லவில்லை.

இப்போது ஒன்று செய்யுங்கள். உடம்புக்கு வேறு தொந்தரவு இல்லையென்றால் எழுந்து மாடிப்படியை வேகமாக ஏறி இறங்கிவிட்டு, நெஞ்சில் கையை வைத்துப் பாருங்கள். திக் திக் என்று அடிக்கும், மூச்சு வாங்கும், உள்ளங்கை ஈரமாகும். பரீட்சை ஹாலில் கேள்வித்தாளைத் திருப்பும்போது வருவதும் இதேதான் இல்லையா? அப்படியே நில்லுங்கள், தானாக அடங்கும். ஓடியாடிப் பழகிய பிள்ளைக்கு இந்தப் படபடப்பு புதுசு இல்லை, வந்தால் போய்விடும் என்று அதன் உடம்புக்கே தெரியும். பயத்துக்குப் பயப்படுவது குறைகிறது. என்னைக் கேட்டால் தூக்கம் நன்றாக வருவதற்கு அடுத்தபடி பெரிய லாபம் இதுதான்.

அப்புறம் ஒரு ஆதங்கம். லேட்டாக வந்தால் கிரவுண்டைச் சுற்றி ஓடு, ஹோம்வொர்க் எழுதவில்லையா தோப்புக்கரணம் போடு! ஓடுவதைத் தண்டனையாகவே பார்த்து வளர்ந்த பிள்ளையிடம் போய், மனசு சரியில்லையென்றால் கொஞ்சம் ஓடிவிட்டு வா என்றால் எப்படிப் போகும்? தயவு செய்து இதை நிறுத்துங்கள். பிடித்துச் செய்கிற விளையாட்டுதான் மனசுக்கு ஒட்டும். கபடியோ டான்ஸோ ஸ்கிப்பிங்கோ, எதுவானாலும் பிள்ளையே தேர்ந்தெடுக்கட்டும்.

பொண்ணுங்க நிலைமை இன்னும் மோசம். 5 முதல் 17 வயது வரை தினமும் சராசரியாக 60 நிமிடம் மிதமாகவோ வேகமாகவோ உடம்பு அசைய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது, 2016 கணக்குப்படி உலகம் முழுக்க 11 முதல் 17 வயதுப் பிள்ளைகளில் 81 சதவீதம் பேருக்கு அது கிடைப்பதில்லை, அதிலும் பையன்களைவிட பொண்ணுங்க பின்தங்கி இருக்கிறார்கள். வயதுக்கு வந்ததும் "இனிமேல் என்ன விளையாட்டு" என்று வீட்டில் நிறுத்திவிடுகிறோம். துப்பட்டாவைப் பின் குத்திக்கொண்டு, மாற்று உடையும் இல்லாமல், கிரவுண்டு முழுக்கப் பையன்கள் நிற்கும்போது அவள் எங்கே ஓடுவாள்? பள்ளியில் ஒரு டிராக் பேண்ட், சுத்தமான ஒரு பாத்ரூம், அவர்களுக்கென்று தனி நேரம், இவ்வளவு கொடுத்துப் பாருங்கள்.

கடைசியாக, இதைத் தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள். வாரக்கணக்கில் சாப்பாடு இறங்காமல், யாரிடமும் பேசாமல், படுக்கையை விட்டு எழவே முடியாமல் கிடக்கிற பிள்ளையைச் சோம்பேறி என்று திட்டி வாக்கிங் அனுப்பாதீர்கள். அதற்கு டாக்டர் வேண்டும், உடற்பயிற்சி துணைக்கு நிற்கும், அவ்வளவுதான். செத்துப்போகலாம் போல இருக்கிறது என்று விளையாட்டாகச் சொன்னால்கூட அன்றைக்கே கேளுங்கள், பக்கத்திலேயே இருங்கள். அரசின் மனநல உதவி சேவையான டெலி மானஸ் எண் 14416, நாள் முழுக்க எடுப்பார்கள், காசு கிடையாது, தமிழிலேயே பேசலாம்.