நாய் வளர்ப்பில் நான் கணக்கின் பக்கம்

நடுவர் ஐயா அவர்களுக்கும், எதிரணியில் அமர்ந்திருக்கும் அண்டை வீட்டாருக்கும், பொங்கல் விழாவுக்காகக் கூடியிருக்கும் பெரும்பாக்கத்துக் குடியிருப்பு மக்களுக்கும் வணக்கம். நாயை நன்றாக வளர்ப்பது பொறியாளரின் கணக்கா, பொறியாளர் அல்லாதவரின் கனிவா என்பது நமக்குத் தரப்பட்ட தலைப்பு. நான் கணக்கின் பக்கம் பேச வந்திருக்கிறேன். சிறுசேரியில் மென்பொருள் சோதனைப் பிரிவில் 14 ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். பிறர் செய்ததில் பிழை கண்டுபிடிப்பதற்கே சம்பளம் வாங்குகிறவள் என்பதால், எதிரணித் தலைவரின் உரையிலிருந்தே தொடங்குவது எனக்கு வசதி.

பொறியாளர் நாயையும் இயந்திரமாகத்தான் பார்ப்பார் என்று அவர் சொன்னார், கைதட்டலும் வாங்கினார். இயந்திரம் ஓடவில்லையென்றால் பொறியாளர் இயந்திரத்தின் மீது கோபித்துக்கொள்வதில்லை என்பதை மட்டும் அவர் சொல்லவில்லை. நாய் கூடத்தில் சிறுநீர் கழித்துவிட்டால், கனிவு மிகுந்தவர் 'எல்லாம் திமிர்' என்று செய்தித்தாளைச் சுருட்டுகிறார். பொறியாளரோ கடைசியாக அதை எப்போது வெளியே அழைத்துப் போனோம் என்று கடிகாரத்தைப் பார்க்கிறார். வாய் திறந்து சொல்லத் தெரியாத ஒன்றின் குறையைக் கண்டறிவதுதான் எங்கள் அன்றாட வேலை. நாயும் வாய் திறந்து சொல்லாது.

எங்கள் மணியின் கதையைக் கேளுங்கள். சோழிங்கநல்லூர் சந்திப்பில் மழையில் நனைந்து கிடந்த நாட்டு நாய்க்குட்டி அவன். இப்போது நான்கு வயது. சென்ற ஆண்டு ஒரு நாள் பாதங்களை ஓயாமல் நக்கினான், எச்சில் வடித்தான், தட்டை முகர்ந்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டான். என் மாமியார் உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டார்கள். என் கணவர் சோற்றை மாற்றினார். மகன் தன் போர்வையைக் கொடுத்தான். மறுநாள் மணி எழுந்து சாப்பிட்டான். மூவரும் தம்மால்தான் குணமானது என்றார்கள். நான்காம் நாள் மீண்டும் அதே கதை. ஒரே நேரத்தில் மூன்றை மாற்றினால் எது பலித்தது என்று யாருக்கும் தெரியாது என்பது எங்கள் தொழிலின் அரிச்சுவடி. எனவே எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்லிவிட்டு, பழைய நாட்குறிப்பு ஒன்றில் நேரம், உணவு, நடை, வாந்தி எனக் கட்டம் போட்டு மூன்று வாரம் எழுதினேன். திங்களும் வியாழனும் மட்டுமே அவனுக்கு உடம்பு சரியில்லாமல் போனது. அந்த இரண்டு நாட்களில்தான் நம் தாழ்வாரத்தைப் பினாயில் போட்டுத் துடைக்கிறார்கள். ஈரத் தரையில் நடந்து வந்து, பாதத்தை நக்கி, அந்த மருந்தை அவன் உள்ளே அனுப்பிக்கொண்டிருந்தான். அடுத்த வியாழக்கிழமை 18 கிலோ நாயைத் தூக்கிக்கொண்டு மின்தூக்கி வரை நான் நடந்ததைப் பார்த்து இங்கே சிரித்தவர்கள் உண்டு. அன்றிரவு அவன் தட்டு காலியானது. சோதனை முறைப்படி மீண்டும் ஒரு முறை அவனை ஈரத்தில் நடக்கவிட்டு உறுதி செய்திருக்க வேண்டும். எனக்கு மனம் வரவில்லை. அந்த ஒரு இடத்தில் கணக்கு கனிவுக்கு வழிவிட்டது என்று எதிரணியினர் குறித்துக்கொள்ளலாம்.

கனிவு என்ன செய்யும் என்பதற்கு வெளியே போக வேண்டாம், நம் சமையலறையே போதும். சின்ன வெங்காயச் சாம்பாரைச் சோற்றில் பிசைந்து 'பாவம், அதுவும் உயிர்தானே' என்று வைக்கும் அன்பை நான் பழிக்கவில்லை. ஆனால் வெங்காயம் நாயின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைத்துச் சோகையை வரவழைக்கும், வேக வைத்தாலும் அந்தக் குணம் போகாது. பாயசத்தில் மிதக்கும் உலர்திராட்சை நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடியது. வயிற்றுப் பூச்சி மருந்து எடைக்கேற்பத் தரப்படுவது; வெறிநாய்க்கடித் தடுப்பூசி சுமார் மூன்று மாத வயதில் தொடங்கி உரிய இடைவெளியில் திரும்பத் திரும்பப் போடப்படுவது. 1903இல் தொடங்கப்பட்ட நம் கால்நடை மருத்துவக் கல்லூரியின் வேப்பேரி மருத்துவமனை வரிசையில் நின்றவர்களுக்குத் தெரியும், மருத்துவர் முதலில் கேட்பது எத்தனை நாளாக, எத்தனை முறை, எத்தனை கிலோ என்பதைத்தான்.

பொறியாளர்கள்தாம் சைபீரிய ஹஸ்கியை வாங்கிக் குளிரூட்டிய அறையில் அடைக்கிறார்கள் என்றார் எதிரணியின் இரண்டாம் பேச்சாளர். அப்படிச் செய்கிறவரிடம் பேசியது சம்பளம், படிப்பு அல்ல. நாய்க்கு உடம்பெல்லாம் வியர்ப்பதில்லை. நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைக்கும்போது ஈரம் ஆவியாவதால்தான் அதன் சூடு தணிகிறது. கடற்கரை ஊரான சென்னையில் காற்றே ஈரத்தால் நிறைந்திருக்க, அக்கினி நட்சத்திரத்தில் அந்த ஆவியாதல் எவ்வளவு நடக்கும்? வெப்பவியல் பாடத்தை உண்மையாகப் படித்தவர் பனிநாட்டு அடர்ரோம நாயை இங்கே கொண்டுவர மாட்டார். நம் நாட்டு நாய் இனங்களான சிப்பிப்பாறையையோ கன்னியையோ தேடுவார், அல்லது என்னைப் போலத் தெருவில் குனிந்து பார்ப்பார்.

நாயின் தோலுக்கடியில் வைக்கும் மைக்ரோசிப் என்னும் சில்லைப் பற்றியும் ஒரு சொல். அது இருந்தால் நாய் எங்கே ஓடினாலும் கைப்பேசியில் தெரியும் என்று நம் குடியிருப்பிலேயே பலர் நம்புகிறார்கள். அதில் மின்கலமே கிடையாது. படிக்கும் கருவியை அருகில் கொண்டுபோனால் 15 இலக்க எண் ஒன்றைச் சொல்லும், அவ்வளவுதான். அந்த எண்ணோடு பதிந்த உங்கள் தொலைபேசி எண் பழையதாக இருந்தால் அதனால் பயனே இல்லை. இதை விளங்கிக்கொண்டு பதிவைப் புதுப்பிப்பவர் யார் என்று உங்கள் மாடியிலேயே விசாரித்துப் பாருங்கள்.

ஒரு குற்றச்சாட்டை மட்டும் மறுக்க மாட்டேன். 2020இல் வீட்டிலிருந்து வேலை பார்த்தபோது நாய் வாங்கியவர்களில் பலர், அலுவலகம் திரும்ப அழைத்ததும் அதை நாள் முழுவதும் தனியே பூட்டிவிட்டுப் போனார்கள். நானும் கேமரா மாட்டியவள்தான். அதன் ஒலிபெருக்கி வழியே 'மணி' என்று ஒரு நாள் கூப்பிட்டேன். அவன் அந்தப் பெட்டியின் பின்னால் சென்று என்னைத் தேடினான், பிறகு வாசல் கதவருகே போய் மாலை வரை உட்கார்ந்திருந்தான். பதிவை ஓட்டிப் பார்த்த அன்றே ஒலிபெருக்கியை அணைத்துவிட்டேன். இப்போது பகலில் மாமியார்தான் அவனுக்குத் துணை. வெங்காயம் இல்லாத சோறு என்ற நிபந்தனையோடு.

நடுவர் ஐயா, மணியையே இந்த மேடைக்குச் சாட்சியாக அழைத்து வர எண்ணியிருந்தேன். விழாவுக்காக இந்த அரங்கத்தைக் காலையில் பினாயில் போட்டுத் துடைத்ததாகக் காவலாளி அண்ணன் சொன்னார். வீட்டிலேயே விட்டுவிட்டு வந்தேன். நன்றி, வணக்கம்.