ராஜினாமா என்று எழுதுவதற்கு முன்

நேயர்களுக்கு வணக்கம். தீயணைப்பு மீட்புப் பணிகள் துறையில் இருக்கும் சிலர் அறுபது வயதுவரை காத்திராமல் வெளியே வர நினைக்கிறார்கள். இடுப்பு வலி, முட்டித் தேய்மானம், வீட்டுச் சூழ்நிலை என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். இன்று நான் பேசுவது 31.3.2003 வரை தமிழ்நாட்டில் பணியில் சேர்ந்தவர்களுக்கு, அதாவது 1978-ஆம் ஆண்டு ஓய்வூதிய விதிகளுக்குள் வருபவர்களுக்கு. அதற்குப் பிறகு சேர்ந்தவர்களின் கணக்கு முற்றிலும் வேறு. அதை இங்கே கலந்தால் குழப்பம்தான் மிஞ்சும்.

முதலில் கடிதம். வெள்ளைத்தாளில் "சொந்தக் காரணத்தால் வேலையை ராஜினாமா செய்கிறேன்" என்று எழுதி நிலைய அலுவலரிடம் நீட்டிவிட்டால், அதுவரை பார்த்த சர்வீஸ் மொத்தமும் போய்விடும். 22 வருடமானாலும் சரி, 28 வருடமானாலும் சரி, ராஜினாமாவுக்கு ஓய்வூதியம் கிடையாது. முறையான அனுமதியோடு விண்ணப்பித்து வேறொரு அரசுப் பணிக்குப் போவதற்காக ராஜினாமா செய்பவருக்கு மட்டும் விலக்கு உண்டு. மற்றவர்கள் எழுத வேண்டியது "விருப்ப ஓய்வு". 50 வயது நிறைந்திருக்க வேண்டும், அல்லது தகுதியுள்ள பணிக்காலம், அதாவது ஓய்வூதியக் கணக்கில் சேரும் சர்வீஸ், 20 ஆண்டு முடிந்திருக்க வேண்டும். நியமன அலுவலருக்கு மூன்று மாத முன்னறிவிப்பு தர வேண்டும். எந்தத் தேதியிலிருந்து ஓய்வு என்பதைக் கடிதத்திலேயே குறிப்பிடுங்கள். நகலில் பெற்றுக்கொண்டதற்கான கையெழுத்தும் தேதியும் வாங்கி வையுங்கள். 17பி குற்றச்சாட்டு, அதாவது பெரிய தண்டனைக்குரிய ஒழுங்கு நடவடிக்கை, நிலுவையில் இருந்தாலோ தற்காலிகப் பணிநீக்கத்தில் இருந்தாலோ அனுமதி மறுக்கப்படலாம். முதலில் அதை முடிக்கப் பாருங்கள்.

இனி தொகை. முழு ஓய்வூதியத்துக்கு 30 ஆண்டு, அதாவது 60 அரையாண்டு வேண்டும். அடிப்படை ஊதியம் 60,000 ரூபாய், தகுதியுள்ள பணிக்காலம் 24 ஆண்டு என்று வைத்துக்கொள்வோம். 60,000-இல் பாதி 30,000. அதை 48-ஆல் பெருக்கி 60-ஆல் வகுத்தால் 24,000. விருப்ப ஓய்வில் போகிறவருக்கு, வயதைப் பொறுத்து, 5 ஆண்டுவரை வெயிட்டேஜ், அதாவது கூடுதல் பணிக்காலம், சேர்க்கிறார்கள். மொத்தம் 30 ஆண்டைத் தாண்டக் கூடாது. ஐந்தும் கிடைத்தால் 24 என்பது 29 ஆகும், ஓய்வூதியம் 29,000 ஆகும். இதோடு அகவிலைப்படி தனி. ராஜினாமா என்ற ஒரு சொல் எவ்வளவைத் தின்றுவிடுகிறது என்று பாருங்கள்.

இந்தக் கணக்கு சறுக்குவது பணிப்பதிவேட்டில்தான். மருத்துவச் சான்று இல்லாமல் எடுத்த அசாதாரண விடுப்பு, அதாவது சம்பளமில்லா விடுப்பு, தகுதியுள்ள பணிக்காலத்தில் சேராது. அதே 24 ஆண்டில் எட்டு மாதம் அப்படிப் போயிருந்தால் மிச்சம் 23 ஆண்டு 4 மாதம். மூன்று மாதமும் அதற்கு மேலும் இருந்தால் ஒரு அரையாண்டாக எடுத்துக்கொள்வதால் 47 அரையாண்டு வரும். வெயிட்டேஜுக்கு முன்பே மாதம் 500 ரூபாய் குறைகிறது, அதுவும் ஆயுளுக்கும். எல்லைக்கோட்டில் இருப்பவருக்கு இன்னும் ஆபத்து: 20 ஆண்டு ஆகிவிட்டது என்று நம்பி எழுதியவருக்கு இன்னும் ஆகவில்லை என்று பதில் வரும். ஒரு மாவட்டத்திலிருந்து இன்னொரு மாவட்டத்துக்கு மாறுதலான வருடங்களில் பணிச் சரிபார்ப்புப் பதிவு விட்டுப்போவது சகஜம். ஆகவே கடிதம் எழுதும் முன்பே மாவட்ட அலுவலகத்தில் பதிவேட்டைக் கேட்டு, ஒவ்வொரு பக்கமாகப் புரட்டுங்கள். எந்த ஆண்டுக்குச் சரிபார்ப்புக் கையெழுத்து இல்லையோ, அந்த ஆண்டின் சம்பளப் பட்டியலைத் தேடி அதை நிரப்பச் சொல்லுங்கள். கோப்பு, ஓய்வூதியத்தைச் சரிபார்த்து அனுமதிக்கும் தேனாம்பேட்டை மாநிலக் கணக்காயர் அலுவலகம் போன பிறகு ஆட்சேபணையோடு திரும்பினால் மாதக்கணக்கில் இழுக்கும்.

ஓய்வூதியத்தில் மூன்றில் ஒரு பங்குவரை கம்யூட்டேஷனாக மொத்தமாகப் பெறலாம். 24,000-க்கு 8,000 விட்டுக்கொடுத்தால் கையில் 16,000 வரும். ஆனால் அகவிலைப்படி 24,000-க்கே கணக்கிடப்படும். விட்டுக்கொடுத்த பங்கு 15 ஆண்டு கழித்துத் திரும்ப வந்துவிடும்.

கடைசியாக, உடல்நலம் கெட்டு வெளியே வர நினைப்பவர்களுக்கு. மருத்துவக் குழுவின் சான்றோடு இயலாமை ஓய்வூதியம் என்று ஒரு வழி இருக்கிறது. அதில் கையெழுத்துப் போட அவசரப்பட வேண்டாம். பணிக்காலத்தில் ஊனமுற்றவரை வேலையைவிட்டு அனுப்பக் கூடாது. பார்த்த வேலைக்குப் பொருந்தவில்லை என்றால் அதே ஊதியத்தில் வேறு பணி தர வேண்டும் என்கிறது மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, பிரிவு 20. அரசு அறிவிக்கை வெளியிட்டு ஏதாவது ஒரு துறைக்கு விலக்கு தர அதிலேயே இடமும் உண்டு. அப்படி விலக்கு இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லை என்றால் ஊனச் சான்றிதழை இணைத்து, கட்டுப்பாட்டு அறையோ அலுவலகப் பணியோ கேட்டு எழுத்தில் மனு கொடுங்கள். பதில் வரும்வரை ஓய்வுக் கடிதம் உங்கள் பையிலேயே இருக்கட்டும். நன்றி, வணக்கம்.