தண்ணீர் குடிப்பது எந்தப் பழக்கத்தில் சேரும்?

நடுவர் அவர்களுக்கும், என் அணியினருக்கும், எதிரணித் தம்பி தங்கைகளுக்கும், பெஸ்தாரி ஜெயா மண்டபத்தை நிறைத்து உட்கார்ந்திருக்கும் ஊர்மக்களுக்கும் வணக்கம்.

"புற்றுநோயிலிருந்து நம் மக்களைக் காக்கப் பெரிதும் வேண்டியது தனிமனிதக் கட்டுப்பாடா, பொதுப் பாதுகாப்பா?" பொதுப் பாதுகாப்பே என்று பேச வந்திருக்கிறேன். முப்பது வருடம் அரசாங்க கிளினிக்கில் தாதியாக இருந்தவள் நான். அதற்கு முன், இந்த ஊருக்குப் பத்தாங் பெர்ஜுந்தை என்று பேர் இருந்த காலத்தில், பக்கத்துத் தோட்டத்து லயத்து வீட்டில் பிறந்து வளர்ந்தவள். தாதியும் லயத்துப் பிள்ளையும் சேர்ந்துதான் இன்று பேசுகிறோம்.

எனக்கு முன்னால் பேசிய தம்பி, "வாயைக் கட்டினால் நோயைக் கட்டலாம்" என்று மூன்று முறை சொன்னார். வெற்றிலைபாக்கு, சிகரெட், சம்சு சாராயம், பரிசோதனைக்குப் போகாத அலட்சியம் என்று அடுக்கினார். அதில் ஒன்றைக்கூட நான் மறுக்கப் போவதில்லை. புகையிலையே சேர்க்காவிட்டாலும் வெறும் பாக்கு புற்றுநோயைக் கொண்டுவரும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு சொல்லிவிட்டது. நம் மலேசியாவில் வாய்ப் புற்றுநோய் நம் இனத்துப் பெண்களிடம்தான் அதிகம். 2017 முதல் 2021 வரை நாட்டின் புற்றுநோய்ப் பதிவேட்டில் ஏறியவர்களில் 65.1 விழுக்காட்டினருக்கு மூன்றாம், நான்காம் கட்டத்தில்தான் நோய் தெரிந்திருக்கிறது. அந்த எண்ணுக்குள் இருக்கும் முகங்கள் எனக்குத் தெரியும். "வலிக்கலியே மிஸ்ஸி, அதான் வரல" என்று மார்புக் கட்டியை மூடிய துணியை விலக்கிக் காட்டிய அக்காமார்களை நான் பார்த்திருக்கிறேன். தம்பி சொன்னதை ஊர் கேட்க வேண்டும்.

ஆனால் தம்பியிடம் எனக்கு ஒரு கேள்வி இருக்கிறது. தண்ணீர் குடிப்பது எந்தப் பழக்கத்தில் சேரும்? அதை எந்த வாய் கட்டும்?

எங்கள் லயத்துக்குக் கீழே ஒரு கிணறு. மேட்டில் களைக்கொல்லி மருந்து ஸ்டோர். அம்மா மருந்தடிக்கும் கும்பலில் வேலை செய்தாள். விடியற்காலைப் பெரட்டில் பேர் கொடுத்து முடிந்ததும் நாலு கேலன் பம்பை முதுகில் மாட்டிக்கொண்டு நிரைக்குள் போவார்கள். கையுறை கிடையாது. மூக்கில் ஒரு துண்டுத் துணி, அதுவும் பத்து மணிக்கெல்லாம் வியர்வையிலும் மருந்திலும் நனைந்துவிடும். வேலை முடிந்து பம்பைக் கழுவுவது ஸ்டோர் வாசல் வாய்க்காலில். நீலமும் பச்சையுமாகத் தண்ணீர் நுரைத்துக்கொண்டு கீழே இறங்கும். மழைக்காலத்தில் அந்த வாய்க்கால் கிணற்றுத் திண்டு வரைக்கும் வரும். அம்மாவின் கட்டைவிரல் நகத்தில் குறுக்கே வெள்ளைக் கோடு விழுந்திருக்கும், ஒரு ஓரம் சதையை விட்டு எழும்பி நிற்கும். அந்தக் கையால்தான் எனக்குச் சோறு பிசைந்து ஊட்டினாள்.

அம்மா சிகரெட்டைத் தொட்டவளில்லை, சம்சுவும் குடித்ததில்லை. 61 வயதில் சிறுநீர்ப்பையில் புற்று வந்தது.

மருந்தால்தான் வந்தது, கிணற்றால்தான் வந்தது என்று நான் இந்த மேடையில் சொல்லப் போவதில்லை நடுவர் அவர்களே. சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை. ஒரு கட்டியை வெட்டி எடுத்து வைத்து, இது இந்தத் தண்ணீரால் வந்தது, இது வயதால் வந்தது என்று பிரித்துக் காட்ட எந்த டாக்டராலும் முடியாது. ஆயிரக்கணக்கான பேரைப் பல வருடம் பின்தொடர்ந்து, யார் எதைக் குடித்தார், யாருக்கு என்ன வந்தது என்று எழுதி வைத்தால்தான் உண்மை மெல்லத் தெரியவரும். எங்கள் தோட்டத்தில் அப்படி யார் எழுதி வைத்தார்கள்? கிராணியின் பெரட்டுப் புத்தகத்தில் அம்மாவின் பேர் இருக்கும், அவள் குடித்த கிணறு இருக்காது. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. சனங்கள் ரவாங், காப்பார், கிள்ளான் என்று சிதறிப் போனார்கள். சிதறிப் போனவர்களின் நோயை யார் கூட்டிக் கணக்குப் பார்ப்பது? ஒரு மனுஷியின் கட்டுப்பாடு செய்யக்கூடிய வேலையா அது?

"நாங்கல்லாம் காய்ச்சித்தானே குடிச்சோம்" என்று முன்வரிசையில் ஒரு பெரியம்மா தலையாட்டுகிறார். நல்ல பழக்கம் பெரியம்மா, விட்டுவிடாதீர்கள். காலரா, டைபாய்டு கிருமியெல்லாம் கொதியில் சாகும். ஆனால் உங்கள் கெட்டிலின் அடியை ஒருநாள் பாருங்கள். வெள்ளையாகப் படிந்திருக்கும். அது சுண்ணாம்பு, பயப்பட ஒன்றுமில்லை. தண்ணீர் ஆவியாகிப் போனாலும் அதில் கரைந்திருந்தது கெட்டிலை விட்டுப் போகவில்லை, அதைத்தான் காட்ட வந்தேன். ஆர்செனிக்கும் அப்படித்தான், உரத்திலிருந்து கசியும் நைட்ரேட்டும் அப்படித்தான். கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் குறையும், மிஞ்சிய தண்ணீரில் அவை இன்னும் அடர்த்தியாக நிற்கும்.

ஆர்செனிக் என்றதும் எங்கேயோ தூர தேசத்து விஷயம் என்று நினைத்துவிட வேண்டாம். அம்மா காலத்துப் பாராகுவாட் வருவதற்கு முன்னால், பாட்டி காலத்தில், மலாயா ரப்பர் தோட்டங்களில் களைக்கு அடித்தது சோடியம் ஆர்சனைட். ஆர்செனிக் ஒரு தனிமம். இலை தழை மாதிரி அது மக்கிப் போகாது. நிறம் இல்லை, மணம் இல்லை, நாக்குக்கும் தெரியாது. உடம்புக்குள் போனது பெரும்பாலும் சிறுநீர் வழியாக வெளியேறுகிறது, வெளியேறும் வழியில் சிறுநீர்ப்பை இருக்கிறது. எங்கள் கிணற்றில் அது இருந்ததா? ஒருவரும் சோதித்ததில்லை.

சிலி நாட்டில் அந்தோஃபகஸ்டா என்று ஒரு நகரம் இருக்கிறது. 1958இல் ஊருக்குத் தண்ணீர் போதவில்லை என்று மலையிலிருந்து இறங்கும் ஆறுகளைக் குழாயில் கொண்டுவந்தார்கள். அந்த ஆற்றில் லிட்டருக்கு 800 மைக்ரோகிராமுக்கு மேல் ஆர்செனிக். இன்று உலகச் சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் அளவு 10. 1970இல் சுத்திகரிப்பு ஆலை கட்டித் தண்ணீரைச் சீராக்கினார்கள். அதோடு கதை முடிந்ததா என்றால், இல்லை. நுரையீரல் புற்றிலும் சிறுநீர்ப்பைப் புற்றிலும் சாவு உச்சத்துக்கு ஏறியது அதற்குப் பிறகுதான். தண்ணீர் சுத்தமாகி 40 வருடம் ஆன பிறகும் அங்கே அந்த நோய்கள் கூடுதலாகவே இருந்ததை ஆய்வாளர்கள் கண்டார்கள். சின்ன வயதில் குடித்த தண்ணீருக்குப் பேரன் பேத்தி எடுத்த பிறகு நோய் வருகிறது. அந்த ஊர்க் குழந்தை எந்த வாயைக் கட்டியிருக்க வேண்டும் தம்பி?

நம் ஆற்றுக்கு வருகிறேன். கோலாலம்பூரும் சிலாங்கூரும் குடிக்கும் தண்ணீரில் பாதிக்கும் மேல் இந்தச் சிலாங்கூர் ஆறுதான் கொடுக்கிறது. 2020 செப்டம்பர் 3ஆம் தேதியை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். மேலே ரவாங் பக்கம் ரசாயனக் கழிவு கலந்து, நாலு சுத்திகரிப்பு ஆலைகளை மூடினார்கள். 1.2 மில்லியன் வீடுகள், கடைகளுக்குத் தண்ணீர் நின்றது. தண்ணி லாரிக்குப் பின்னால் வாளியோடு ஓடினோம். ஆலையை மூடியது எதனால்? தண்ணீர் நாறியது. நாற்றம் இருந்ததால் பிடிபட்டது. நாறாத விஷம் வந்தால் மூக்கு என்ன செய்யும்? 2014 வறட்சியில் இந்த ஊர்ப் பழைய வெள்ளீயச் சுரங்கக் குட்டைகளிலிருந்து ஆற்றுக்குத் தண்ணீர் இறைத்தபோது, கன உலோகம் இருக்குமோ என்று கேள்வி வந்தது. சோதித்தோம், பாதுகாப்பானதுதான் என்று மாநில அரசு பதில் சொன்னது. கேள்வி கேட்டது சரி, பதில் சொன்னதும் சரி. இரண்டுக்கும் ஆய்வகம் வேண்டியிருந்தது. என் வீட்டுக் குழாயடியில் நின்று நான் எவ்வளவு ஒழுக்கமாக இருந்தாலும் அந்தப் பதில் எனக்குக் கிடைத்திருக்காது.

எதிரணித் தங்கை கேட்டார்: "சிகரெட்டை விடுவது தனிமனிதக் கட்டுப்பாடு இல்லையா?" கட்டுப்பாடுதான் கண்ணு. ஆனால் சாப்பாட்டுக் கடையில் பக்கத்து மேசைப் புகையைக் குழந்தைகள் இழுக்காமல் இருக்கிறார்களே, அதை யார் கொண்டுவந்தது? 2019 ஜனவரி 1இல் வந்த தடை. கருப்பைவாய்ப் புற்றுக்கு எதிராக 2010 முதல் பள்ளியிலேயே 13 வயதுப் பெண்பிள்ளைகளுக்கு இலவசமாக ஊசி போடுகிறோம். அந்தப் பிள்ளைகள் எந்தக் கட்டுப்பாட்டைக் கடைப்பிடித்தார்கள்? வரிசையில் நின்று கையை நீட்டினார்கள், அவ்வளவுதான். மற்றது முழுக்க அரசாங்கம் செய்தது.

அம்மா முதுகில் சுமந்த பாராகுவாட்டை 2002இல் தடை என்றார்கள், 2006இல் தளர்த்தினார்கள், 2020 ஜனவரி 1இல்தான் முழுதாக நிறுத்தினார்கள். அதன்மேல் வலுவாக இருக்கும் சந்தேகம் பார்க்கின்சன் நோய் பற்றியது, புற்றுநோய் பற்றியது அல்ல. அதையும் சொல்லிவிடுகிறேன், என் பக்கம் ஜெயிக்க வேண்டும் என்பதற்காக அறிவியலை வளைக்கக் கூடாது. கிளைபோசேட் என்ற இன்னொரு களைக்கொல்லியை 2015இல் "புற்றுநோய் தரக்கூடும்" என்ற வரிசையில் உலகச் சுகாதார நிறுவனத்தின் அதே புற்றுநோய் ஆய்வு அமைப்பு வைத்தது, வேறு பல நாட்டு அதிகாரிகள் அதை ஒத்துக்கொள்ளவில்லை. நான்ஸ்டிக் சட்டியின் பூச்சிலிருந்து தீயணைப்பு நுரை வரை புழங்கும் "என்றும் அழியா" ரசாயனங்களில் ஒன்றான பிஎஃப்ஓஏவை 2023இல் உறுதியான புற்றுநோய்க் காரணி என்றார்கள். அமெரிக்கா 2024இல் குடிதண்ணீரில் அதற்கு வைத்த வரம்பு லிட்டருக்கு 4 நானோகிராம். அந்த அளவை அளக்கும் கருவி எந்தத் தாமான் வீட்டில் இருக்கிறது?

"பெரிய பெரிய காரணம் பேசுகிறீர்கள், தண்ணீரை நம்மால் மாற்ற முடியுமா?" என்று தம்பி முடித்தார். இந்தக் கேள்விக்குத்தான் நான் இவ்வளவு நேரம் காத்திருந்தேன்.

வங்காளதேசத்தில் குளத்துத் தண்ணீர் குடித்துக் குழந்தைகள் வயிற்றுப்போக்கில் செத்தார்கள். அதைத் தடுக்க, நல்ல எண்ணத்தில், 1970களிலிருந்து ஊரெங்கும் அடிகுழாய் போட்டார்கள். பூமிக்கடியில் இயற்கையாகவே ஆர்செனிக் இருந்தது யாருக்கும் தெரியாது. 1993இல்தான் கண்டுபிடித்தார்கள். கோடிக்கணக்கான சனம் அதற்குள் குடித்துவிட்டது. பிறகு ஒரு வேலை செய்தார்கள். ஏறக்குறைய 50 லட்சம் குழாய்களைச் சோதித்து, கெட்ட குழாய்க்குச் சிவப்புச் சாயம், நல்ல குழாய்க்குப் பச்சைச் சாயம் அடித்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிக்கும் புரியும்.

அராய்ஹஜார் என்ற வட்டாரத்தில் ஏறக்குறைய 11,000 பேரை 20 வருடம் பின்தொடர்ந்தார்கள். குடிநீரை மட்டும் பார்க்கவில்லை, அவரவர் சிறுநீரில் எவ்வளவு ஆர்செனிக் இருக்கிறது என்று திரும்பத் திரும்ப அளந்தார்கள். அதன் முடிவு 2025 நவம்பரில் வந்தது. சிறுநீரில் ஆர்செனிக் குறைந்தவர்களுக்கு இதய நோய், புற்றுநோய் போன்ற நாள்பட்ட நோய்களால் வரும் சாவு, குறையாதவர்களைவிடப் பாதி வரைக்கும் குறைந்திருந்தது. பல வருடம் குடித்தவர்களுக்குமே அப்படி. சிலி நாட்டுக் கதையைக் கேட்டு மனம் விட்டுப் போனவர்கள் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள். அங்கே நோய் சீக்கிரம் விலகவில்லை என்பது உண்மை. தண்ணீரை மாற்றினால் உயிர் மிஞ்சும் என்பதும் உண்மை.

தம்பி உடனே எழுந்து, "சிவப்புக் குழாயை விட்டுப் பச்சைக் குழாய்க்கு நடந்தது தனிமனிதர்தானே அக்கா?" என்பார். ஆமாம், நடந்தது அவர்கள் கால்தான். இடுப்பில் குடத்தோடு பக்கத்து வீட்டு வாசலுக்கு நடந்த அந்தப் பெண்களை நான் கும்பிடுகிறேன். ஆனால் எந்தப் பக்கம் நடப்பது என்று அந்தக் காலுக்குச் சொன்னது சாயம். சாயத்தை அடித்தது ஆய்வகமும் அரசாங்கமும். சாயம் இல்லாத ஊரில் கட்டுப்பாடு கண்ணைக் கட்டிக்கொண்டு நடக்கும்.

மணி அடித்துவிட்டது, ஒரு நிமிடம் நடுவர் அவர்களே. கிணற்றையும் ஊற்றுத் தண்ணீரையும் நம்பி வாழும் வீடு எங்கே இருந்தாலும் வருடம் ஒருமுறை சோதியுங்கள். ஆற்றுத் தண்ணீரின் சோதனை முடிவைத் தமிழிலும் எழுதி, கோயில் அறிவிப்புப் பலகையில் திருவிழா நோட்டீசுக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள். எங்கள் அணி கேட்பது இதைத்தான்.

போன மாதம் பழைய தோட்டத்துக்குப் போயிருந்தேன். லயம் இல்லை, ஸ்டோர் இல்லை. செம்பனை நிரைக்கு நடுவில் கிணற்றின் சிமெண்டு வளையம் மட்டும் இருக்கிறது. கையால் தேய்த்துப் பார்த்தேன். பாசி வந்தது, அதற்கடியில் வெறும் சிமெண்டு. சிவப்பும் இல்லை, பச்சையும் இல்லை.

வணக்கம்.