என்சலடஸுக்கு எவ்வளவு கிட்டப் போகலாம்?

நேயர்களுக்கு வணக்கம்.

வெள்ளவத்தையிலிருந்து கோட்டைக்கு ரயிலில் கடல் பக்கமாக உட்கார்ந்து போனவர்களுக்கு இது தெரிந்திருக்கும். தூரத்துக் கப்பல் நின்ற இடத்திலேயே நிற்கும். தண்டவாளத்தோரப் பாறைகளோ கோடாக இழுபட்டு ஓடிவிடும். படம் எடுத்தால் கப்பல் தெளிவாக விழும், பாறை கலங்கிப்போகும். ஒரு விண்கலத்தை உபகோள் ஒன்றின் பக்கத்தால் ஓட்டிப்போகத் திட்டமிடுகிறவர்களுக்கும் இதே தலைவலிதான்.

நாசாவின் கசினி விண்கலம் 2004 முதல் 2017 வரை சனியைச் சுற்றியது. அங்கே என்சலடஸ் என்று ஓர் உபகோள். குறுக்களவு ஏறத்தாழ 504 கிலோமீற்றர். பருத்தித்துறை முதல் தெய்வேந்திரமுனை வரையான நம் தீவின் நீளத்தைவிடக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான். இத்தனை சின்னப் பனி உருண்டையில் என்ன இருந்துவிடப் போகிறது?

2005 தொடக்கத்தில் கசினி இரண்டு தடவை அதைக் கடந்தபோது, சனியின் காந்தப்புலம் அதனருகே வளைவதைக் காந்தமானி காட்டியது. அங்கே ஏதோ வாயு இருக்கலாம் என்பதற்கு அது அறிகுறி. ஜூலையில் 1,000 கிலோமீற்றர் தூரத்தால் போவதாக இருந்த திட்டத்தை மாற்றி, இன்னும் கிட்டப் போகவேண்டும் என்று மிஷேல் டோகர்ட்டியின் காந்தமானிக் குழு வாதாடியது. கேட்டார்கள். ஜூலை 14ஆம் திகதி 173 கிலோமீற்றர் உயரத்தில் போனார்கள். தென்துருவம் எதிர்பார்த்ததைவிடச் சூடாக இருந்தது, அங்கே நீராவியும் இருந்தது. படமே காட்டாத ஒன்றை ஒரு முள்ளின் அசைவிலிருந்து ஊகித்து, அதற்காகப் பாதையையே மாற்ற வைத்தார்களே, அந்தத் துணிச்சலை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நிறைந்துவிடும்.

சரி, கிட்டப் போகலாம் என்று முடிவாயிற்று. எதனால் பார்ப்பது? கசினியின் கெமராவும் அன்டெனாவும் உடலோடு பொருத்தப்பட்டவை. கெமராவைத் தனியாகத் திருப்பும் மேடையைச் செலவைக் குறைப்பதற்காக முன்பே நீக்கிவிட்டார்கள். ஆகவே ஒன்றைப் பார்க்க வேண்டுமென்றால் முழுக் கலமும் திரும்பவேண்டும். உபகோளைப் பார்க்கும்போது பூமியோடு பேச முடியாது. பதிந்து வைத்து அப்புறம்தான் அனுப்பும். பேசினாலும் சொல் போய்ச்சேர ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ஆகும். அதனால் எந்தச் செக்கனில் எந்தப் பக்கம் திரும்புவது என்பதெல்லாம் முன்கூட்டியே எழுதி ஏற்றப்படும். அந்தச் சில நிமிடங்களுக்கு ஒவ்வொரு கருவிக் குழுவும் போட்டி போடும். தூசியை அளப்பவர் ஒரு பக்கம் திருப்பக் கேட்பார், படம் எடுப்பவர் இன்னொரு பக்கம்.

2008 ஓகஸ்டில் செக்கனுக்கு 17.7 கிலோமீற்றர் வேகம், உயரம் 50 கிலோமீற்றர். அந்த வேகத்தில் கோட்டையிலிருந்து பாணந்துறைக்கு இரண்டு செக்கனும் வேண்டாம். தரையைப் பின்தொடர்ந்து திரும்ப கலத்தால் முடியாது. என்ன செய்தார்கள் தெரியுமா? நிற்காமல் போகும் ரயிலிலிருந்து ஸ்டேஷன் பெயர்ப்பலகையை வாசிக்க, பலகை வருமுன்பே தலையைத் திருப்பத் தொடங்குவோமே, அதுதான். கலத்தை முன்கூட்டியே சுழலவிட்டு, தரை எதிரே ஓடும் வேகமும் சுழலும் வேகமும் பொருந்தும் கணத்தில் படங்களை எடுத்தார்கள். அந்தப் படங்களில் நீராவி பீறிடும் வெடிப்புகளின் ஓரம் வீடளவு பெரிதாகச் சிதறிக் கிடக்கும் பனிப்பாறைகளைக்கூட எண்ணலாம்.

நன்றி, வணக்கம்.