மாரி மழையும் மாநகரின் கையிருப்பும்

நேயர்களுக்கு என் அன்பான வணக்கம்.

யாழ்ப்பாணத்தில் நான் இருக்கும் ஒழுங்கைக்கு ஒரு டிசெம்பர் 28ஆம் திகதி தார் போட்டார்கள். விடியவே வானம் மூடிக் கிடந்தது. பத்து மணிக்குத் தூறத் தொடங்கிவிட்டது. உழவு இயந்திரப் பெட்டியில் வந்த தார்க்கல் ஆவி பறக்க நிற்கிறது. அதன் மேல் விழுகிற ஒவ்வொரு துளியும் சூடான தாச்சியில் விழுந்த மாதிரிப் பொரிகிறது. குழிகளில் நின்ற தண்ணீரை இரண்டு பெடியள் விளக்குமாற்றால் ஒதுக்கிக்கொண்டு போக, மற்றவர்கள் பின்னாலேயே கொட்டிக்கொண்டு வந்தார்கள். நான் படலையடியில் நின்று, "தம்பி, மழை விட்டாப் பிறகு போடலாம்தானே?" என்று கேட்டேன். மேற்பார்வை பார்த்தவர் நின்று மரியாதையாகத்தான் மறுமொழி சொன்னார்: "ஐயா, முப்பத்தோராம் திகதிக்கு முதல் பில் போகோணும். இல்லாட்டிக் காசு இல்லையாம்."

தைப்பொங்கலுக்கு முதல் நாள் பார்த்தால், ஒழுங்கையின் இரண்டு ஓரமும் பிட்டு உதிர்ந்த மாதிரி உதிர்ந்து கிடந்தது.

அந்த வேலையை யார் செய்வித்தார்கள் என்று சொல்ல நான் இங்கே வரவில்லை. முப்பது வருடத்துக்கு மேல் உள்ளூராட்சிக் கணக்குகளோடு காலம் கழித்தவன் நான். அந்த மனிதர் சொன்ன "இல்லாட்டிக் காசு இல்லையாம்" என்ற சொல் என் மனதைவிட்டுப் போகவில்லை. அது எவ்வளவுக்கு உண்மை, எவ்வளவுக்கு வெறும் பழக்கம் என்பதைப் பற்றித்தான் இன்றைக்குக் கதைக்கப் போகிறேன்.

எங்கள் நாட்டில் உள்ளூராட்சி சபைகளின் நிதியாண்டு ஜனவரி முதலாம் திகதி தொடங்கி டிசெம்பர் 31ஆம் திகதி முடிகிறது. இந்தியாவில் அது மார்ச் 31இல் முடிவதால், அக்கரையில் தமிழ்நாட்டு நகராட்சிகளுக்கு ஆண்டுக் கடைசி நல்ல வெயில் காலம். எங்களுக்கோ வடகீழ்ப் பருவக்காற்று ஐப்பசியில் தொடங்கி மார்கழி வரை கொட்டித் தீர்க்கிறது. வருடத்து மழையில் பெரும்பங்கு இந்த மூன்று மாதத்துக்குள்தான். 2008இல் நிஷா புயல் வந்தது நவம்பரில். 2024இல் வெள்ளம் வந்ததும் நவம்பர் கடைசியில். 2025இல் டித்வா புயல் வந்ததும் நவம்பர் கடைசியில். ஆகவே காசு செலவழித்து முடிக்கவேண்டிய மாதமும், வேலை செய்யவே முடியாத மாதமும், திடீரென்று காசு தேவைப்படுகிற மாதமும் யாழ்ப்பாணத்தில் ஒன்றாகவே வருகின்றன. நாட்காட்டியை எங்களால் மாற்ற முடியாது. எதிர்பாராத தேவைக்கென்று ஒதுக்கி வைக்கும் கையிருப்பு நிதியை ஒழுங்காக வைத்திருந்தால், அந்த நாட்காட்டி எங்களை இந்தப் பாடு படுத்தாது.

சபைக்கு வரும் காசு இரண்டு விதம். திறைசேரியிலிருந்தோ மாகாண சபை ஊடாகவோ ஒரு குறித்த வேலைக்கென்று ஒதுக்கப்படுவது ஒன்று. அது அந்த வருடத்துக்குள் செலவாகாவிட்டால் ஒதுக்கீடு காலாவதியாகிவிடும். அந்த அந்தரம் நியாயமானது. மற்றது சபையின் சொந்த வருமானம்: சோலைவரி என்கிற வீட்டு வளவு வரி, கடை வாடகை, சந்தைக் குத்தகை, வியாபார அனுமதிக் கட்டணம், நல்லூர்த் திருவிழாவின் 25 நாளும் போடுகிற தற்காலிகக் கடைகளின் காசு. இது டிசெம்பர் 31 நள்ளிரவோடு எங்கேயும் ஓடிப்போவதில்லை. மாநகர நிதியிலேயே இருக்கும். செலவழிக்கும் அனுமதிதான் முடிகிறது. அடுத்த வருடப் பாதீட்டில், அதாவது வரவு செலவுத் திட்டத்தில், அதே வேலையை மறுபடி எழுதி அனுமதி எடுத்தால், மாசி பங்குனியில் வெயிலுக்குள் வடிவாகச் செய்யலாம்.

இந்த வேறுபாடு அலுவலகத்தில் உள்ளவர்களுக்குத் தெரியாமல் இல்லை. ஆனாலும் மிச்சம் காட்டினால் "ஏன் செலவழிக்கவில்லை" என்று கேட்பார்களே, அடுத்த முறை குறைத்து ஒதுக்குவார்களே என்ற பயத்தில், இரண்டு விதக் காசையும் ஒரே வேகத்தில் கொட்டிவிடுகிறோம். நானும் அப்படிப்பட்ட டிசெம்பர்களில் இரவு ஒன்பது மணி வரை இருந்து காசோலை எழுதியிருக்கிறேன். மேசை நிறைய உறுதிச்சீட்டுகள். வாசலில் ஒப்பந்தகாரர்கள். மின்சாரம் போனால் மெழுகுதிரி. ஒவ்வொரு கையெழுத்தும் சட்டப்படி சரியானது. ஆனால் எந்த வேலை நன்றாக நடந்தது என்று பார்க்க அந்த இரவில் ஒருவருக்கும் நேரமில்லை.

பாதீடு என்றவுடன் எங்கள் ஆட்களுக்கு நினைவுக்கு வருவது வாக்கெடுப்புத்தான். அதற்கும் காரணம் உண்டு. 2012ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்துக்குப் பிறகு, பாதீடு இரண்டாம் முறையும் தோற்றால் மேயர் என்கிற மாநகர முதல்வர் பதவி இழக்கிறார். 2020 டிசெம்பரில் யாழ் மாநகர சபையில் அது நடந்ததை எல்லோரும் பார்த்தோம். அதனால் வரப்போகிற வருடத்துக்கு எத்தனை கை உயரும் என்பதே பேச்சாகிவிடுகிறது. போன வருடம் எழுதியதில் எது நடந்தது, எது நடக்கவில்லை, மிச்சம் எவ்வளவு, அந்த மிச்சம் யாருடையது என்ற மீளாய்வுக்கு ஒரு மாலைப்பொழுது கூட ஒதுக்கப்படுவதில்லை. என்னைக் கேட்டால், வாக்கெடுப்பைவிட இந்த மாலைப்பொழுதுதான் நகரத்துக்கு முக்கியம்.

மிச்சம் யாருடையது என்று கேட்டேன். அதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும்.

நான் வேலை செய்த ஒரு சபையில், வருடக் கடைசியில் வங்கி மீதியைப் பார்த்து உறுப்பினர்கள் மகிழ்ந்துபோனார்கள். உடனே ஒரு புதிய திட்டம் வந்தது. நான் வைப்புப் பேரேட்டை எடுத்து, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, ஒவ்வொரு வரியாக வாசித்தேன். கணக்கு விளங்குவதற்காக வங்கியில் 100 ரூபா இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் 30 ரூபா சந்தைக் கடைக்காரர்கள் வைத்த வைப்பு. கடையை விட்டுப் போகும்போது திருப்பிக் கொடுக்க வேண்டும். 15 ரூபா ஒப்பந்தகாரர்களிடம் பிடித்து வைத்தது. வேலையில் பிழை இல்லையென்றால் அதுவும் அவர்களுடையதே. 25 ரூபா, முடிந்த வேலைக்கு இன்னும் கட்டாத பில். 10 ரூபா ஒரு முன்பள்ளிக்கென்று வந்த நன்கொடை. அதில் மதகு கட்ட முடியாது. எஞ்சியது 20. அந்த 20ஐத்தான் சபை தன்னுடையது என்று சொல்லலாம். கூட்டத்தில் இதை வாசித்தபோது ஒரு மூத்த உறுப்பினர், "அப்ப இவ்வளவு நாளும் நாங்கள் ஊரார் காசைப் பார்த்தே சந்தோசப்பட்டிருக்கிறம்" என்றார். அன்றைக்கு அந்தத் திட்டம் நின்றது. ஆனால் எத்தனை சபைகளில் நிற்காமல் போயிருக்கும் என்று நினைத்தால் கவலையாக இருக்கிறது.

சரி, அந்த உண்மையான மிச்சம் எவ்வளவு இருந்தால் போதும்? அமெரிக்காவிலும் கனடாவிலும் உள்ள அரச நிதி அலுவலர்களின் சங்கம், ஒரு நகரம் குறைந்தது இரண்டு மாத வழமைச் செலவுக்கு ஈடான காசைக் குறித்த வேலை எதற்கும் ஒதுக்கப்படாத கையிருப்பாக வைத்திருக்க வேண்டும் என்று சொல்கிறது. இங்கே நிலைமை வேறு. நிரந்தர ஊழியர் சம்பளத்தில் பெரும்பங்கு மாகாண சபை ஊடாக மீளளிக்கப்படுகிறது. ஆகவே இரண்டு மாதம் என்பதை மொத்தச் செலவுக்குக் கணக்கிடத் தேவையில்லை. டீசல், மின்சாரம், தெருவிளக்கு, வாகனத் திருத்தம், நாளாந்தக் கூலி என்று நாங்களே சுமக்கிற செலவுக்குப் பார்த்தால் போதும். ஆனால் வருமானம் வருகிற விதத்தைப் பார்த்தால் இரண்டு மாதம் காணாது என்பதே என் எண்ணம். காணி உறுதி எழுதும்போது நீங்கள் கட்டுகிற முத்திரைத் தீர்வை முதலில் மாகாணத்துக்குப் போய், அங்கிருந்துதான் சபைக்கு வருகிறது. நீதிமன்றத் தண்டப்பணமும் அப்படியே. எப்போது வரும் என்பது சபையின் கையில் இல்லை. சோலைவரியை எடுத்தால், ஒரு வருடத்துக்கானதை ஜனவரி 31க்குள் கட்டினால் 10 வீதம் கழிவு. அதனால் ஜனவரியில் கருமபீடத்தில் வரிசை நிற்கும். கார்த்திகையில் யாரும் நிற்பதில்லை. மூன்று மாதம் என்று வைத்தால் நிம்மதி.

2022ஐ நினைத்துப் பாருங்கள். 2021 டிசெம்பர் கடைசியில் ஒரு லீற்றர் டீசல் 121 ரூபா. அந்த விலையை வைத்துத்தான் குப்பை அள்ளும் உழவு இயந்திரத்துக்குப் பாதீட்டில் காசு எழுதப்பட்டது. 2022 ஜூன் கடைசியில் அதே லீற்றர் 460 ரூபா. குப்பை குறைந்ததா? குப்பை கொட்டும் கல்லுண்டாய்க்குப் போகிற தூரம் குறைந்ததா? தனியாக ஒரு கையிருப்பு இருந்த சபை பாதீட்டுக்கு மேலதிகமாகக் காசு ஒதுக்கும் குறைநிரப்பு மதிப்பீடு ஒன்றை நிறைவேற்றிச் சமாளித்திருக்கும். இல்லாத சபை வீதி வேலைக்கு வைத்ததை எடுத்து டீசலுக்கு மாற்றும். அதற்குப் பிறகு வீதி அப்படியே கிடக்கும்.

அதற்காகக் காசைக் கட்டிப் பூட்டி வைப்பதே நல்ல நிர்வாகம் என்று நான் சொல்லமாட்டேன். அதே 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்படி பணவீக்கம் ஏறத்தாழ 70 வீதம். எந்த வங்கியின் நிலையான வைப்பும் அதற்கு ஈடு கொடுக்கவில்லை. கட்டவேண்டிய வாய்க்காலைக் கட்டாமல் வைப்பில் போட்ட காசு, அந்த ஒரு வருடத்தில் முழு வாய்க்காலுக்குக் காணாமல் போயிருக்கும். வாய்க்கால் அடைத்துக் கிடக்க, டெங்குக் காய்ச்சலில் பிள்ளைகள் ஆஸ்பத்திரியில் கிடக்க, நிலையான வைப்பு மட்டும் வளர்வது சேமிப்பல்ல. அது கடமை தவறுவது. எங்கள் அம்மம்மா புழுக்கொடியலைக் கடகத்தில் கட்டி வைப்பார். எந்த மாதத்துக்கு எவ்வளவு என்று அவவுக்குத் தெரியும். பூச்சி விழுமட்டும் வைத்திருக்கவும் மாட்டார். வெயில் நாளில் பிள்ளைகள் கேட்டதற்காக எடுத்துக் கொடுக்கவும் மாட்டார்.

சபைக்கும் அப்படி எழுதி வைத்த ஓர் ஒழுங்கு வேண்டும். வெள்ளத்துக்கும் தொற்றுநோய்க்கும் ஒரு கையிருப்பு; அதைத் தொடச் சபையின் தீர்மானம் வேண்டும், தொட்டால் இரண்டு வருடத்துக்குள் நிரப்ப வேண்டும். தீயணைப்பு வாகனம், மலக்கழிவு பவுசர், உழவு இயந்திரம் இவற்றுக்கு வேறொரு கணக்கு. பத்து வருடம் ஓடும் வாகனத்துக்கு வருடம் ஒரு பங்கு போட்டால், அது இறக்கிற அன்றைக்கு யாரிடமும் கையேந்தத் தேவையில்லை. மழையால் நின்ற வேலைகளின் காசு மூன்றாவது. அதை வேலையின் பெயரோடு, ஒழுங்கையின் பெயரோடு அடுத்த வருடத்துக்குக் கொண்டுபோக வேண்டும். பெயர் இல்லாமல் "மிச்சம்" என்று கிடக்கும் காசுக்கு ஆளுக்கொரு திட்டம் வரும்.

2012 கணக்கெடுப்பில் மாநகர எல்லைக்குள் ஏறத்தாழ 88,000 பேர். பகலில் சந்தைக்கும் ஆஸ்பத்திரிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் வந்துபோகிறவர்கள் வேறு. இவர்கள் விடுகிற குப்பையையும் நடக்கிற வீதியையும் சிறிய வரித்தளம் ஒன்றுதான் தாங்குகிறது. வெளிநாட்டில் இருக்கும் உறவுகளின் பூட்டிய வீடுகளுக்குச் சோலைவரி நிலுவை வருடக் கணக்கில் ஏறிக்கொண்டிருப்பதும் எனக்குத் தெரியும். லண்டனிலோ ரொறன்ரோவிலோ இருந்து இதைக் கேட்பவர்கள் இருந்தால், உங்கள் வளவுக்கு முன்னால் எரிகிற தெருவிளக்கை நினைத்து அந்தக் காசைக் கட்டிவிடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இரண்டு வருடத்துக்கு மேல் உறுப்பினர்கள் இல்லாமல் ஆணையாளரின் பொறுப்பில் இருந்த மாநகரத்துக்கு, 2025 ஜூனில் மறுபடி முதல்வரும் சபையும் வந்தார்கள். உங்கள் வட்டார உறுப்பினர் இப்போது உங்கள் ஊரில்தான் இருக்கிறார். அவரைக் கண்டால் கேளுங்கள்: டிசெம்பர் 31ஆம் திகதி வங்கியில் இருந்ததில் சபையின் சொந்தக் காசு எவ்வளவு? அது என்ன பெயரில் வைக்கப்பட்டிருக்கிறது? மழையால் நின்ற வேலைகள் எவை? மறுமொழி வராவிட்டால், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. ஒரு தாளில் தமிழில் எழுதித் தகவல் அலுவலரிடம் கொடுத்தால் போதும். தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் சொல்லியாக வேண்டும்.

எங்கள் ஒழுங்கைக்கு மறுபடி தார் போட வேண்டியிருக்கிறது. நானும் அயலவர்கள் பன்னிரண்டு பேரும் கையெழுத்து வைத்து ஒரு கடிதம் கொடுத்திருக்கிறோம். இந்த வருடம் வேண்டாம், காசை ஒழுங்கையின் பெயரில் எழுதி வையுங்கள், பங்குனியில் வந்து போடுங்கள் என்று.

நன்றி. வணக்கம்.