பாட்டிலுக்குப் பத்து ரூபாய், மருந்துக்கு ஏழு நாள்

நேயர்களுக்கு வணக்கம். மனிதனை அதிகம் இயக்குவது மனசாட்சியா, இல்லை பணம், பேர், பதவியா என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். பட்டிமன்றத் தலைப்புதான். ஆனால் இதற்கான விடை நம் நீலகிரியிலேயே, கண்ணெதிரே கிடக்கிறது.

மதுபாட்டிலில் தொடங்குவோம். 2022 மே மாதம், உயர் நீதிமன்ற உத்தரவின் பேரில், இந்த மாவட்டத்து டாஸ்மாக் கடைகளில் பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைக் கொண்டுவந்தால் அந்தப் பணத்தைத் திருப்பித் தரும் ஏற்பாடு வந்தது. உடைந்த கண்ணாடி யானையின் காலைக் கிழிக்கும் என்பது அதற்கு முன்பும் எல்லோருக்கும் தெரிந்ததுதான். தெரிந்துதான் எறிந்தார்கள். இப்போது குடித்தவர் எறிந்துவிட்டுப் போனாலும், பத்து ரூபாய்க்காக அதைப் பொறுக்க இன்னொருவர் வருகிறார். இங்கே பணம் ஜெயித்தது என்று ஒப்புக்கொள்வதில் வெட்கமில்லை. ஆனால் அதே இடத்தில் கிடக்கும் சிப்ஸ் உறையை அவர் தொடுவதில்லை. அதற்கு விலை இல்லையே.

பாட்டிலை எண்ணலாம். எண்ண முடிந்த இடத்தில் பணம் நன்றாகவே வேலை வாங்கும். எண்ண முடியாத இடத்துக்குத் தேயிலைத் தோட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள்.

செடிக்கு மருந்து அடித்தால் குறைந்தது 7 நாள் கழித்துத்தான் கொழுந்து பறிக்க வேண்டும். கொழுந்து நன்றாக வரும் காலத்தில் பறிப்புச் சுற்றும் 7 முதல் 10 நாள்தான். ஆகவே பறித்த அன்றே மருந்து அடித்தால் சிக்கல் இல்லை. நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ பூச்சியைப் பார்த்துவிட்டு அடித்தால்தான் வம்பு. காத்திருந்தால் இலை முற்றும், விலை குறையும். காத்திருக்காமல் பறித்தால் யாருக்கும் தெரியாது. பச்சை இலையைக் கண்ணால் பார்த்து மூன்று நாள் ஆனதா, ஏழு நாள் ஆனதா என்று எந்தத் தொழிற்சாலையும் சொல்ல முடியாது. பரிசோதனைக்கூடத்தில் பிடிபடலாம், அதற்குள் பலர் தோட்டத்து இலை ஒன்றாகக் கலந்திருக்கும். அந்த நான்கு நாளைக் காப்பது தோட்டக்காரரின் மனசாட்சி மட்டும்தான். மனத்துக்குள் இருக்கும் சாட்சி என்று அந்தச் சொல்லே சொல்கிறது: வேறு சாட்சி இல்லாத இடத்தில்தான் அதற்கு வேலை.

சரி, அபராதம் போட்டால்? இஸ்ரேலின் ஹைஃபா நகரில் நடந்த ஓர் ஆய்வு 2000-ல் வெளியானது. குழந்தைக் காப்பகங்களில் பிள்ளையை அழைத்துப்போகத் தாமதமாக வரும் பெற்றோருக்கு அபராதம் போட்டார்கள். தாமதம் குறையவில்லை, ஏறக்குறைய இரட்டிப்பானது. ஆசிரியை நமக்காகக் காத்திருக்கிறாரே என்ற கூச்சம், ‘அதான் காசு கட்டுகிறோமே’ என்று மாறிவிட்டது. அபராதத்தை நீக்கிய பிறகும் பழைய கூச்சம் திரும்பவில்லை.

நம் எடைக் களத்திலும் இது நடக்கும். இலை நனைந்திருக்கிறது என்று கண்மதிப்பாக எல்லோர் சாக்கிலும் ஒரே அளவு எடையைக் குறைத்துக் கழிவு போட்டால், தண்ணீர் தெளித்தவருக்கும் தெளிக்காதவருக்கும் ஒரே தண்டனை. அடுத்த வாரம் தெளிக்காதவரும் தெளிப்பார். அவரைக் கெட்டவர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒவ்வொருவர் சாக்கிலிருந்தும் ஒரு கிலோ எடுத்து, துணியில் ஒற்றி, மறுபடி நிறுத்தால் போதும். 920 கிராம் வந்தால் அவருக்கு 8 சதவீதம் கழிவு. அடுத்தவருக்கு அவர் இலை காட்டும் கணக்கு. நேர்மைக்குப் பரிசு தர வேண்டாம், தண்டிக்காமல் இருந்தால் சரி.

பேர் ஆசையை நான் குறைத்துப் பேசவில்லை. மரம் நடும் விழாவுக்குக் கூட்டம் சேர்ப்பது அதுதான். ஆனால் சோலைக்காட்டு மரக்கன்றுக்கு டிசம்பர், ஜனவரி உறைபனியில் புல்மூட்டம் போட வேண்டும். வெட்டிய சீகை என்னும் வாட்டில் மரத்தின் விதை மண்ணில் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். வெளிச்சம் பட்டதும் முளைக்கும், ஆண்டுதோறும் பிடுங்க வேண்டும். மூன்றாம் ஆண்டில் அங்கே புகைப்படக்காரர் வருவதில்லை. அதிகாரமும் அப்படியே: மேஸ்திரி நிற்கும் நிரை சுத்தமாக இருக்கும், அவர் முதுகைத் திருப்பிய நிரையில் முற்றின இலையும் கூடைக்குப் போகும்.

மனசாட்சி எப்போது கண்விழிக்கும் என்பதற்கு 2019-ல் வெளியான ஓர் ஆய்வு உதவும். 40 நாடுகளில் 17,000-க்கு மேற்பட்ட பர்ஸ்களை, கீழே கிடந்ததென்று சொல்லி வங்கி, விடுதி போன்ற இடங்களின் ஊழியர்களிடம் கொடுத்துப் பார்த்தார்கள். பணம் இல்லாத பர்ஸைவிடப் பணம் இருந்த பர்ஸையே உரியவரிடம் சேர்க்க அதிகம் பேர் முயன்றார்கள். உள்ளே ஒரு சாவியும் இருந்தால் இன்னும் அதிகம். சாவியால் எடுத்தவருக்குப் பயனில்லை, தொலைத்தவருக்கோ தவிப்பு. பாதிக்கப்படுகிறவர் முகம் தெரிந்தால் மனம் உறுத்துகிறது.

ஆகவே மருந்து விஷயத்தில், எங்கோ இருக்கும் ஏற்றுமதிச் சந்தையைக் காட்டிப் பயமுறுத்துவதைவிட, அந்த இலையை வெறுங்கையால் முதலில் தொடும் அக்காவை நினைத்துக்கொள்வது பலன் தரும். பறிக்க வருகிறவர்கள் நுழையும் தடத்தில் ஒரு பலகை மாட்டுங்கள்: மருந்தின் பெயர், அடித்த தேதி, பறிக்கலாம் என்ற தேதி. பலகையைப் பார்த்துவிட்டு அவர் ‘இன்றைக்கு வேண்டாமண்ணா’ என்று சொன்னால், அன்றைய கூலி போகாமல் களை எடுக்கும் வேலைக்கு அனுப்புங்கள். கூலி போகும் என்றால் அவரும் வாய் திறக்கமாட்டார்.