முட்டியில டைட்டானியம், வாசல்ல பீப்: ஒட்டுதா, ஓடுதா?

வணக்கம். இன்னிக்கு வேற ஒரு தலைப்பு பேசறதாத்தான் போன வாரம் சொல்லியிருந்தேன். அது அடுத்த வாரம். நடுவுல ஒரு கேள்வி வந்து மூணு நாளா என் மண்டைக்குள்ளயே உட்கார்ந்திருக்கு. முதல்ல அதை வாசிச்சிடறேன்.

"சார், ரெண்டு வருஷம் முன்னாடி எனக்கு வலது முட்டி மாத்தினாங்க. டைட்டானியம்மா, காந்தத்துல ஒட்டாது, ஏர்போர்ட்ல எல்லாம் ஒண்ணும் ஆகாதுன்னு சொன்னாங்க. போன மாசம் போனேன். அந்த மெட்டல் டிடெக்டர் வாசல்ல கால் வச்சதும் கத்திடுச்சு. வீட்டுக்கு வந்து ஃப்ரிட்ஜ்ல இருந்த காந்தத்தை எடுத்து முட்டியில வச்சுப் பார்த்தேன், ஒட்டல. என் தங்கைக்கு மணிக்கட்டுல பிளேட் இருக்கு. எனக்கு முன்னாடிதான் அதே வாசல்ல போனா, சத்தமே வரல. அப்போ எனக்கு மட்டும் வேற எதையோ வச்சு ஏமாத்திட்டாங்களா?"

அம்மா, உங்களுக்கு ஒரு கும்பிடு. ஃப்ரிட்ஜ் காந்தத்தை முட்டியில வச்சுப் பார்த்திருக்கீங்க பாருங்க, அங்கதான் நான் விழுந்துட்டேன். சந்தேகம் வந்தது, சோதனை பண்ணினீங்க, ஒப்பிட்டுப் பார்க்கத் தங்கையையும் பக்கத்துல வச்சிருக்கீங்க. இதுக்கு மேல என்ன வேணும்?

பதிலை முதல்லயே சொல்லிடறேன், நீங்க தூங்கணும் இல்லையா. உங்களை யாரும் ஏமாத்தல. வாசல் கத்தினதுக்கும் காந்தத்துல ஒட்டறதுக்கும் சம்பந்தமே கிடையாது.

நம்ம பழைய ஆட்களுக்கு ஞாபகம் இருக்கும், செம்புக் குழாய்க்குள்ள காந்தத்தைப் போட்டுக் காட்டினேனே. செம்பு காந்தத்துல ஒட்டாது. ஆனா அந்தக் குழாய்க்குள்ள போட்ட காந்தம் தொப்புன்னு விழல, தேனுக்குள்ள இறங்கற மாதிரி மெதுவா இறங்குச்சு. ஏன்? காந்தம் நகரும்போது செம்புக்குள்ள மின்சாரம் வட்டமா சுத்த ஆரம்பிக்குது, அது காந்தத்தை இழுத்துப் பிடிக்குது. அன்னிக்கே சொன்னேன், எழுதிச் சுவத்துல ஒட்டி வைங்கன்னு: ஒட்டுதாங்கிறது ஒரு கேள்வி. ஓடுதாங்கிறது வேற கேள்வி. காந்தத்துல ஒட்டுதா, உள்ள மின்சாரம் ஓடுதா. ரெண்டையும் போட்டுக் குழப்பினா வாழ்க்கை பூரா குழப்பம்தான்.

அந்த வாசல் கேட்கிறது ரெண்டாவது கேள்வி. ஓடுதா?

ரெண்டு பக்கமும் நிக்கிற பலகைக்குள்ள கம்பிச் சுருள் இருக்கு. அதுல நொடிக்கு நூத்துக்கணக்கான தடவை மின்சாரத்தை விட்டு விட்டு நிறுத்துவாங்க. ஒவ்வொரு தடவையும் ஒரு சின்ன காந்தத் துடிப்பு உங்க உடம்பு வழியா போய்ட்டு வரும். வழியில உலோகம் இருந்தா அதுக்குள்ள மின்சாரம் ஒரு சுத்து சுத்தும். துடிப்பு நின்ன பிறகும் அந்தச் சுழற்சி உடனே அடங்காது. அது அடங்கறதுக்குள்ள சுருள் காது குடுத்துக் கேட்கும். மணியைத் தட்டினா ரீங்காரம் நிக்குது, மரத்தைத் தட்டினா டொக்குன்னு முடிஞ்சிடுது இல்லையா? அதேதான். வாசல் உங்களைத் தட்டிட்டு, ரீங்காரம் வருதான்னு கேட்குது.

அதனாலதான் தங்கம் மாட்டுது, வெள்ளி மாட்டுது, அலுமினியம் மாட்டுது. இதுல எதும்மா காந்தத்துல ஒட்டுது?

இப்ப டைட்டானியத்துக்கு வருவோம். உடம்புக்குள்ள வைக்கிறது பெரும்பாலும் சுத்த டைட்டானியம் இல்ல. கொஞ்சம் அலுமினியம், கொஞ்சம் வனேடியம் சேர்த்த கலவை. அதோட மின்தடை செம்பை விடச் சுமார் 100 மடங்கு. அதாவது ரீங்காரம் சீக்கிரம் செத்துடும். "டைட்டானியம் கத்தாது"ன்னு உங்ககிட்ட சொன்னவங்க பாதி சரியாத்தான் சொல்லியிருக்காங்க, காரணம்தான் தப்பு. ஒட்டாதுங்கிறதால இல்ல, சரியா ஓடாதுங்கிறதால.

மீதிப் பாதி என்னன்னா, அளவு. சின்னத் துண்டுல சுழற்சி உடனே அடங்கும், பெரிய துண்டுல நீடிக்கும். உங்க தங்கை மணிக்கட்டுல இருக்கிறது விரல் அகலத்துக்கு ஒரு மெல்லிசு பிளேட், நாலஞ்சு ஸ்க்ரூ. உங்க முட்டியில இருக்கிறது ஒரு முழு மூட்டு! அதுவும் முழுக்க டைட்டானியமா இருக்கும்னு நான் நினைக்கல. தொடை எலும்பு முனையில தொப்பி மாதிரி மாட்டறாங்க பாருங்க, அது பெரும்பாலும் கோபால்ட், குரோமியம் கலவை. கீழ்க்கால் எலும்பு மேல உட்காருற தட்டுதான் வழக்கமா டைட்டானியம் கலவை. நடுவுல தேய்மானம் தாங்கற பிளாஸ்டிக். அந்தக் கோபால்ட் கலவை டைட்டானியம் கலவையை விட நல்லாவே மின்சாரத்தை ஓட விடும். ஆனா ஃப்ரிட்ஜ் காந்தத்துல ஒட்டாது. அவ்வளவு ஏன், எலும்புக்குள்ள வைக்கிற ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கூட ஒட்டாத வகைதான். ஆக உங்க ஃப்ரிட்ஜ் காந்தத்தால எதையுமே கண்டுபிடிச்சிருக்க முடியாது. சோதனை அருமை, கேள்வி மட்டும் தப்பு. ஒட்டுதான்னு கேட்டீங்க. ஓடுதான்னு கேட்கணும்.

என் கதையைச் சொல்றேன். எனக்கும் மணிக்கட்டுல பிளேட் இருக்கு, பைக்குல இருந்து விழுந்தது, அந்தப் பெருமை இப்ப வேண்டாம். அதுக்கப்புறம் முதல் தடவையா விமானத்துல போறப்ப, கேட்பாங்கன்னு அந்தப் பெரிய எக்ஸ்ரே கவர் இருக்கே, அதை அக்குள்ல இடுக்கிக்கிட்டே போனேன். வரிசையில நிக்கும்போதே என்ன சொல்லணும்னு ஒத்திகை வேற. வாசலைத் தாண்டினேன். ஒரு சத்தம் இல்ல. அங்க நின்ன பையன்கிட்ட நானே "தம்பி, எனக்குள்ள இரும்பு இருக்கு"ன்னு சொல்றேன், அவன் என்னை ஒரு மாதிரி பார்த்துட்டு "போங்க சார்"ங்கிறான். திரும்பி வரும்போது எக்ஸ்ரே கவர் பெட்டிக்குள்ள போயிடுச்சு. அப்ப கத்துச்சு! என்னடான்னு பார்த்தா சட்டைப் பையில மாத்திரை அட்டை. அதோட பின்னாடி ஒட்டியிருக்கிற அலுமினியத் தாள். எலும்புல திருகி வச்ச பிளேட் சும்மா இருக்கு, ஒரு தாள் கத்துது. அலுமினியத்துல அவ்வளவு நல்லா ஓடும்.

இதையே சொல்லும்போது எப்பவோ ஒரு பையன் கேட்டது ஞாபகம் வருது. "சார், ரத்தத்துல இரும்பு இருக்கே, அது ஏன் கத்தல?" நல்ல கேள்வி. ஒரு ஆள் உடம்புல மொத்தமா 3, 4 கிராம் இரும்பு இருக்கும், ஒரு சின்ன ஆணி செய்யலாம். ஆனா அது ஆணியா இல்லையே. ஒவ்வொரு அணுவும் தனித்தனியா புரதத்துக்குள்ள கட்டிப்போட்டுக் கிடக்கு. கைகோத்து நின்னாத்தான் உலோகம், அப்பத்தான் மின்சாரம் சுத்தி வர வழி கிடைக்கும்.

உடம்புக்குள்ள உலோகம் தேடறதுன்னு ஆரம்பிச்சதே ஒரு வைத்தியத்துக்குத்தான், தெரியுமா? 1881 ஜூலை 2. அமெரிக்க ஜனாதிபதி ஜேம்ஸ் கார்ஃபீல்டைச் சுட்டுட்டாங்க. குண்டு உள்ளயே இருக்கு, எங்கன்னு தெரியல. எக்ஸ்ரே கிடையாது, அது வர இன்னும் 14 வருஷம் இருக்கு. அப்ப வந்தவர் நம்ம டெலிபோன் கிரஹாம் பெல். சுருள் ரெண்டு, அதோட டெலிபோன் காதுக்குழாயைச் சேர்த்து ஒரு கருவி செஞ்சார். உலோகம் கிட்ட வந்தா காதுல சத்தம் கேட்கும். முதல்ல யார்கிட்ட சோதிச்சுப் பார்த்தார்னா, உள்நாட்டுப் போர்ல குண்டடி பட்டு, குண்டு உடம்புக்குள்ளயே தங்கிப் போன பழைய சிப்பாய்கள்கிட்ட. வேலை செஞ்சுது! ஆக, அம்மா, உங்களுக்கு முன்னாடியே உடம்புக்குள்ள உலோகத்தோட சத்தம் எழுப்பின ஆட்கள் அவங்க.

ஆனா ஜனாதிபதிகிட்ட எடுபடல. அவர் படுத்திருந்த மெத்தையில இரும்பு ஸ்பிரிங். அது போதாதுன்னு, குண்டு வலது பக்கம்தான் இருக்குன்னு அடிச்சுச் சொன்ன டாக்டர், அந்தப் பக்கம் மட்டும்தான் தேட விட்டார். குண்டு இருந்தது இடது பக்கம். செப்டம்பர் 19 அன்னிக்கு கார்ஃபீல்ட் இறந்துட்டார். கருவி மேல தப்பில்ல. தேடின இடம் தப்பு, கேட்ட கேள்வி தப்பு. சரி, நான் எங்கயோ போறேன்.

அடுத்த தடவை போகும்போது என்ன பண்ணணும்? வாசலுக்குள்ள நுழையறதுக்கு முன்னாடியே சொல்லிடுங்க, "வலது முட்டி மாத்தியிருக்கு"ன்னு. கத்தின பிறகு சொன்னா அது சமாதானம் மாதிரி இருக்கும், முன்னாடியே சொன்னா தகவல். பல வாசல்ல பக்கவாட்டுல விளக்கு வரிசை இருக்கு, எந்த உயரத்துல உலோகம்னு காட்டும். முட்டி உயரத்துல எரிஞ்சா நீங்க சொன்னதும் அது காட்டினதும் பொருந்திடும். பிறகு கையில வச்சிருக்கிற கருவியால தடவுவாங்க, கையாலயும் பார்ப்பாங்க. தனி அறையில பாருங்கன்னு கேட்கலாம். கூச்சப்பட வேண்டியதில்ல. முட்டியைச் சுலபமா காட்டற மாதிரி உடை இருந்தா வேலை சீக்கிரம் முடியும்.

டாக்டர் லெட்டர் இருந்தா விட்டுடுவாங்கன்னு நிறைய பேர் நினைக்கிறாங்க. விட மாட்டாங்க. விடவும் கூடாது, லெட்டரை யார் வேணா அச்சடிக்கலாம் இல்ல? மொழி தெரியாத ஊர்ல நீங்க வாயால சொல்ல முடியாததைச் சொல்றதுக்கு அது உதவும். அவ்வளவுதான்.

ஒரு வாசல்ல கத்தி இன்னொரு வாசல்ல கத்தலன்னா அதுக்கும் பயப்படாதீங்க. எவ்வளவு நுணுக்கமா கேட்கணும்னு ஒவ்வொரு வாசலுக்கும் வச்சிருக்கிற அளவு வேற. கால் பலகைக்கு எவ்வளவு பக்கத்துல போகுதுங்கிறதும் ஒரு கணக்கு. இன்னொண்ணு, ஒண்ணுமே இல்லாதவங்களையும் நடுநடுவுல நிறுத்திப் பார்க்கணும்னு சும்மாவே கத்தற மாதிரியும் சில வாசல்கள்ல வச்சிருப்பாங்க.

கையைத் தூக்கி நிக்கச் சொல்ற கண்ணாடிக் கூண்டு இருக்கே, அது வேற ஜாதி. மில்லிமீட்டர் அலை. தோலைத் தாண்டி உள்ள போகாது. அதுல உங்க முட்டி தெரியவே தெரியாது, முட்டிக்கு மேல கட்டியிருக்கிற பேண்டேஜ்தான் தெரியும். ஒட்டுதான்னும் கேட்காது, ஓடுதான்னும் கேட்காது. தோல் மேல என்ன இருக்குன்னு மட்டும் பார்க்கும்.

பேஸ்மேக்கர் வச்சவங்க கொஞ்சம் கவனமா கேளுங்க. உலோகத்துக்காக இல்ல, அது ஓடிக்கிட்டிருக்கிற ஒரு கருவிங்கிறதுக்காக. பேஸ்மேக்கர் வச்சப்ப குடுத்த அட்டையைக் கையில வச்சிருங்க. வாசல் வழியா சாதாரணமா நடந்து போகலாம். நடுவுல நிக்காதீங்க, பலகை மேல சாயாதீங்க. "கைக்கருவியை நெஞ்சு மேல பிடிச்சுக்கிட்டே நிக்காதீங்க, கையாலயே பாருங்க"ன்னு சோதிக்கிறவங்ககிட்ட கேளுங்க. கடைகள் வாசல்ல திருட்டைப் பிடிக்க நிறுத்தியிருக்கிற தூண்களுக்கும் இதேதான். மூளைக்கோ தண்டுவடத்துக்கோ மின்துடிப்பு குடுக்கிற கருவி வச்சிருந்தா, அந்த வாசல்ல சுரீர்னு ஒரு உதறல் வரலாம். அவங்க வாசலையே தவிர்த்து, கையால சோதிக்கச் சொல்லிக் கேட்கறது நல்லது.

அம்மா, நீங்க கேட்டிருக்க வேண்டிய கேள்வி இன்னொண்ணு இருக்கு. ஏர்போர்ட் வாசலைக் கேட்டீங்க. எம்ஆர்ஐ அறை வாசலை ஏன் கேட்கல? இங்க தப்பு நடந்தா ஒரு பீப், பத்து நிமிஷம் தாமதம். அங்க இருக்கிறது நிஜமான காந்தம். சாதாரணமா 1.5 டெஸ்லா, பூமியோட காந்தப்புலத்தை விடச் சுமார் 30,000 மடங்கு. ஸ்கேன் ஓடாத நேரத்துலயும் அந்தக் காந்தம் ஓய்வு எடுக்காது. அங்க ரெண்டு கேள்வியும் முக்கியம். ஒட்டுதா? ஒட்டினா இழுக்கும், திருப்பும். ஓடுதா? ஓடினா சூடாகும்.

உங்க முட்டியோட பெரும்பாலும் எடுக்கலாம், எலும்புக்குள்ள இறுகிப் போன, ஒட்டாத உலோகம். முட்டியையே படம் எடுத்தா மட்டும் அந்த இடம் கலங்கித் தெரியும். எனக்குப் பயம் உங்களைப் பத்தி இல்ல. மூளை ரத்தக்குழாய்ல பழைய காலத்து கிளிப் வச்சவங்க, பேஸ்மேக்கர் எந்த மாடல்னு தெரியாதவங்க, அப்புறம் வெல்டிங், லேத் வேலை பார்த்தவங்க. கண்ணுக்குள்ள எப்பவோ தெறிச்ச இரும்புப் பொடி இருக்கும், அவங்களுக்கே தெரியாது. ஏர்போர்ட் வாசல் அதைக் கண்டுக்கவே கண்டுக்காது, அவ்வளவு சின்னது. எம்ஆர்ஐ காந்தம் கண்டுக்கும். ஸ்கேனுக்கு முன்னாடி ஒரு படிவம் குடுப்பாங்க, "உலோக வேலை பார்த்ததுண்டா"ன்னு அதுல ஒரு வரி இருக்கும். அந்த வரியை வாசிக்காம டிக் போட்டுடாதீங்க.

அம்மா, கடைசியா ஒண்ணு. உங்க ஆபரேஷன் ஃபைலை எடுங்க. உள்ள வச்ச ஒவ்வொரு பாகத்தோட பெட்டியில இருந்தும் ஒரு சின்ன ஸ்டிக்கரைக் கிழிச்சு அதுல ஒட்டியிருப்பாங்க, பேரு, அளவு, எண் எல்லாம் இருக்கும். அதை போன்ல படம் எடுத்து வச்சுக்கோங்க, வாசலுக்கும் ஆகும், ஸ்கேனுக்கும் ஆகும். தொடைப் பக்கத்துப் பாகம் கோபால்ட்தான்னு என் கேமராத் தம்பிகிட்ட பந்தயம் கட்டியிருக்கேன். அவன் டைட்டானியம்கிறான். பார்த்துட்டு எழுதுங்க.